பொருத்துப் பணியில் மிகை மெய்ம்மை

மிகை மெய்ம்மை என்பது, ஒருவர் கண்முன் இருக்கும் உண்மையான பொருளின் மேல் கணினி வரைந்த கோடு, அம்பு, எழுத்து, முப்பரிமாண உருவம் முதலியவற்றை உரிய இடத்தில் பொருந்துமாறு காட்டும் தொழில்நுட்பம் ஆகும். ஆங்கிலத்தில் இதனை ஆக்மெண்டட் ரியாலிட்டி என்பர். கைப்பேசி விளையாட்டுகள் வழியாகவே பலர் இதனை அறிந்திருந்தாலும், இதற்கு இப்பெயர் கிடைத்தது ஒரு தொழிற்சாலைத் தேவையின் காரணமாகத்தான். விமானத்தின் மின்கம்பிகளைக் கையால் கட்டும் தொழிலாளர்களுக்கு எப்படி உதவலாம் என்று போயிங் நிறுவனப் பொறியாளர்கள் தேடியபோது இச்சொல் உருவானது.

உதிரிப் பாகங்களைக் கையால் பொருத்தி ஒரு முழுப்பொருளை உருவாக்கும் வேலையில் மிகை மெய்ம்மை எவ்வாறு பயன்படுகிறது, ஆய்வுகள் அதைப்பற்றி என்ன சொல்கின்றன, யாருக்கு அது உதவுகிறது, யாருக்கு இடையூறாகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கையால் பொருத்தும் வேலையின் இயல்பு

கார் ஆலைகளில் உடற்பகுதியைப் பற்றவைக்கும் வேலையைப் பெரும்பாலும் எந்திரன்களே செய்கின்றன. ஆனால் அதே காருக்குள் மின்கம்பிகளை இழுத்துப் பொருத்துவதும், குழாய்களைச் செருகுவதும், இருக்கைகளையும் முன்பலகையையும் மாட்டுவதும் இன்றும் பெருமளவு மனிதர் கையால்தான் நடக்கின்றன. கம்பி, ரப்பர்க் குழாய் போன்றவை வளையும் தன்மை கொண்டவை. அவை ஒவ்வொரு முறையும் வேறுவேறு வடிவில் கிடக்கும். குறுகிய இடுக்கில் கையை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொட்டுணர்ந்து செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு. விமானம், டிராக்டர், விசையாழி போன்றவை குறைந்த எண்ணிக்கையில், பல மாறுபாடுகளுடன் செய்யப்படுவதால், அவற்றுக்கென்று எந்திரன்களை அமைப்பது பல நேரங்களில் கட்டுப்படியாவதில்லை.

இவ்வேலையில் ஈடுபடும் தொழிலாளி ஒவ்வொரு படியிலும் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எந்தப் பாகத்தை எடுக்க வேண்டும்? அதை எந்த இடத்தில், எந்தத் திசையில் வைக்க வேண்டும்? எவ்வளவு இறுக்கமாக, எந்த வரிசையில் பொருத்த வேண்டும்? இவற்றுக்கான விடை வரைபடத்திலோ அச்சிட்ட வழிமுறைத் தாளிலோ அருகிலுள்ள கணினித் திரையிலோ இருக்கும். தொழிலாளி தாளைப் பார்த்து, அதில் உள்ள தட்டையான படத்தை மனத்தில் முப்பரிமாணமாக மாற்றி, மீண்டும் பொருளைப் பார்த்து, அதே இடத்தைக் கண்டுபிடித்து, பிறகுதான் கையை நீட்டுகிறார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை கண்ணும் மனமும் இப்படி அங்குமிங்கும் தாவும்போது நேரம் வீணாகிறது, பிழையும் நேர்கிறது.

தாளுக்கும் பொருளுக்கும் இடையிலான இந்தத் தாவலை நீக்குவதே பொருத்துப் பணியில் மிகை மெய்ம்மையின் அடிப்படை நோக்கம். வழிமுறை தாளில் இருக்காமல், பொருளின் மேலேயே, கை செல்ல வேண்டிய இடத்திலேயே தோன்றுகிறது.

தோற்றம்

தலையில் அணியும் கணினித் திரையை முதன்முதலில் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் இவான் சதர்லாண்ட். 1968-இல் அவர் வெளிப்படுத்திய கருவி, அணிபவரின் தலை அசைவை அறிவதற்காகக் கூரையிலிருந்து தொங்கிய இயந்திரக் கையுடன் இணைக்கப்பட்டிருந்தது. எளிய கோட்டுருவங்களை அறையின் காட்சியோடு சேர்த்துக் காட்ட அதனால் முடிந்தது. ஆயினும் அது ஆய்வகத்தை விட்டு வெளியே வரக்கூடியதாக இருக்கவில்லை.

1990-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தின் தாமஸ் காடெல், டேவிட் மைசெல் ஆகியோர் விமானக் கம்பிக்கற்றைகளைக் கட்டும் வேலையை ஆராய்ந்தனர். போயிங் 747 போன்ற பெரிய விமானத்தில் உள்ள மின்கம்பிகளின் மொத்த நீளம் 200 கிலோமீட்டருக்கும் அதிகம். இக்கம்பிகள் விமானத்துக்குள் நேரடியாக ஒவ்வொன்றாக இழுக்கப்படுவதில்லை. பெரிய பலகைகளின் மேல் முழு அளவு வரைபடத்தை ஒட்டி, முளைகளை அடித்து, வரைபடம் காட்டும் பாதையில் கம்பிகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் கற்றைகளாகக் கட்டுவர். அதன் பின்னரே கற்றை விமானத்துக்குள் செல்லும். ஒவ்வொரு வகைக் கற்றைக்கும் தனிப் பலகை தேவை. வடிவமைப்பு மாறினால் பலகையும் மாற வேண்டும். பலகைகளைச் செய்வதும் திருத்துவதும் சேமித்து வைப்பதும் பெருஞ்செலவாக இருந்தன.

தொழிலாளி ஒளி ஊடுருவும் திரையைத் தலையில் அணிந்து வெறும் பலகையைப் பார்த்தால், அடுத்த கம்பி செல்ல வேண்டிய பாதை பலகையின் மேலேயே ஒரு வண்ணக் கோடாகத் தெரிய வேண்டும் என்பது காடெல், மைசெல் இருவரின் எண்ணம். அப்படியானால் ஒரே பலகையில் எந்தக் கற்றையையும் கட்டலாம். இதனை விளக்கி 1992-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரையில் மிகை மெய்ம்மை என்னும் சொல் இடம்பெற்றது. சொல்லை உருவாக்கியவராகப் பொதுவாகக் காடெல் குறிப்பிடப்படுகிறார்.

அந்த ஆய்வுரை ஒரு முக்கிய வேறுபாட்டையும் எடுத்துக்காட்டியது. மெய்நிகர் உலகம் முழுவதையும் கணினி வரைய வேண்டும். அதற்கு மிகுந்த கணிப்புத் திறன் தேவை. மிகை மெய்ம்மையிலோ சில கோடுகளை வரைந்தால் போதும். மீதியை உண்மை உலகமே தந்துவிடும். ஆனால் அந்தச் சில கோடுகள் மிகச் சரியான இடத்தில் விழ வேண்டும். இக்குறிப்பு இன்றும் பொருந்துகிறது. பொருத்துப் பணிக்கு அழகிய படம் தேவையில்லை. சரியான இடமே தேவை.

போயிங் இம்முறையைத் தன் ஆலையில் சோதித்துப் பார்த்தது. எனினும் அக்காலத்தில் அது அன்றாட உற்பத்தி முறையாக நிலைபெறவில்லை.

1993-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஃபைனரும் அவர் குழுவினரும் கர்மா என்னும் அமைப்பை வெளியிட்டனர். லேசர் அச்சுப்பொறி ஒன்றைப் பராமரிக்கும் படிகளை அந்தப் பொறியின் மேலேயே அது வரைந்து காட்டியது. 1999 முதல் 2003 வரை ஜெர்மனி அரசின் நிதியுதவியுடன், சீமென்ஸ் தலைமையில் நடந்த ஆர்விகா திட்டத்தில் கார், விமான நிறுவனங்கள் பல பங்கேற்று, உற்பத்தியிலும் பராமரிப்பிலும் மிகை மெய்ம்மையைச் சோதித்தன.

வரையறை

ரொனால்ட் அசுமா 1997-இல் எழுதிய மதிப்பாய்வில் மிகை மெய்ம்மைக்கு மூன்று இயல்புகளைக் கூறினார். உண்மைக் காட்சியும் கணினிக் காட்சியும் ஒன்றாக இணைய வேண்டும். அது உடனுக்குடன் இயங்கி, பயனரின் அசைவுக்கு ஏற்ப மாற வேண்டும். கணினி உருவம் முப்பரிமாண வெளியில் உண்மைப் பொருளோடு இடம் பொருந்த வேண்டும்.

இவ்வரையறையின்படி, கண்ணாடியின் மூலையில் ஒரு சிறு திரையில் வழிமுறையைக் காட்டும் கருவி முழுமையான மிகை மெய்ம்மை ஆகாது. ஏனெனில் அங்கே படம் பொருளோடு ஒட்டி நிற்பதில்லை. ஆனால் தொழில்துறையில் இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் உள்ளது. வெவ்வேறு நிறுவனங்கள் கூறும் பயன்களை ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

இயங்கும் முறை

பொருத்துப் பணிக்கான அமைப்பு நான்கு செயல்களைச் செய்கிறது.

முதலாவது, வழிமுறையை அமைத்தல். பொருளின் கணினி வடிவமைப்பு மாதிரியிலிருந்து ஒவ்வொரு பாகத்தின் வடிவமும் இடமும் எடுக்கப்படுகின்றன. எந்தப் படிக்குப் பின் எந்தப் படி, எங்கே அம்பு, எங்கே எச்சரிக்கை என்பதை வேலை அறிந்த ஒருவர் வகுக்கிறார்.

இரண்டாவது, இடமறிதல். அணிபவரின் தலையோ கையிலுள்ள கருவியோ பொருளுக்கு எந்தத் தொலைவில், எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைக் கணினி ஒவ்வொரு நொடியும் பலமுறை கணக்கிட வேண்டும். இதற்குத் தொடக்கத்தில் கறுப்புச் சதுரம் அச்சிட்ட குறியட்டைகள் பயன்பட்டன. ஹிரோகாசு காட்டோ, மார்க் பில்லிங்ஹர்ஸ்ட் ஆகியோர் 1999-இல் உருவாக்கிய ஏஆர்டூல்கிட் என்னும் மென்பொருள் தொகுப்பு இம்முறையைப் பரவலாக்கியது. பின்னர், குறியட்டை இல்லாமலேயே ஒளிப்படக் கருவியும் அசைவு உணரிகளும் சேர்ந்து சுற்றுப்புறத்தை வரைபடமாக்கி, அதில் தம் இடத்தையும் கண்டறியும் முறைகள் வந்தன.

மூன்றாவது, காட்டுதல். கணக்கிட்ட இடத்தில் உருவத்தை வரைந்து கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். தலை திரும்பியதற்கும் படம் நகர்வதற்கும் இடையே சிறு தாமதம் இருந்தாலும் உருவம் பொருளை விட்டு வழுகுவது போலத் தோன்றும்.

நான்காவது, படி முடிந்ததை அறிதல். எளிய அமைப்புகளில் தொழிலாளியே குரலாலோ பொத்தானாலோ அடுத்த படிக்குச் செல்கிறார். முன்னேறிய அமைப்புகளில் கை எந்தப் பெட்டிக்குள் சென்றது, பாகம் சரியான இடத்தில் உள்ளதா என்பதை ஒளிப்படக் கருவி கவனித்து, தானே அடுத்த படியைக் காட்டுகிறது. பிழை நேர்ந்தால் உடனே சுட்டுவதற்கும் இதுவே வழி.

காட்சிக் கருவிகள்

தலையில் அணியும் கருவி இரு கைகளையும் வேலைக்கு விட்டுவிடுகிறது. தொழிலாளி பொருளைச் சுற்றி நடந்தாலும் படம் உடன் வரும். மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. முதல் பதிப்பு 2016-லும் இரண்டாம் பதிப்பு 2019-லும் வந்தன. இடம் பொருந்திய முப்பரிமாண உருவங்களைக் காட்டும் திறன் இதற்கு உண்டு.

கூகுள் கிளாஸ் போன்ற இலகுவான கண்ணாடிகள் பார்வையின் ஓரத்தில் சிறு திரையைக் காட்டுகின்றன. எடை குறைவு. ஆனால் படம் பொருளின் மேல் படிவதில்லை. அவற்றைக் கண்ணுக்கருகே வைத்த வழிமுறைத் தாள் எனலாம்.

கைக்கணினியில் பொருளை ஒளிப்படக் கருவி வழியே காட்டி, அதன் மேல் உருவம் வரைவது எளிய, செலவு குறைந்த முறை. ஆனால் ஒரு கை கருவியைப் பிடிப்பதிலேயே போய்விடும். எனவே பொருத்துவதைவிடச் சரிபார்ப்பதற்கே இது ஏற்றது.

நான்காவது முறையில், வேலை மேசைக்கு மேலே பொருத்திய படவீழ்த்தி, எடுக்க வேண்டிய பாகம் உள்ள பெட்டியையும் வைக்க வேண்டிய இடத்தையும் ஒளியால் காட்டுகிறது. தொழிலாளி எதையும் அணிய வேண்டியதில்லை. அருகில் நிற்பவரும் அதே ஒளியைக் காணலாம். நிலையான மேசையில் செய்யும் வேலைக்கே இது பொருந்தும். தொழிலாளி குனியும்போது அவர் தலையோ கையோ ஒளியை மறைக்கவும் கூடும்.

ஆய்வு முடிவுகள்

ஆர்தர் டாங், சார்லஸ் ஓவன் முதலியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. டூப்லோ எனப்படும் பொம்மைக் கட்டைகளைக் குறிப்பிட்ட வடிவில் அடுக்கும் வேலை பங்கேற்பாளர்களுக்குத் தரப்பட்டது. அச்சிட்ட கையேடு, கணினித் திரை, பொருளோடு இணையாமல் தலைத்திரையில் தோன்றும் படம், பொருளோடு இடம் பொருந்திய மிகை மெய்ம்மை என நான்கு முறைகள் ஒப்பிடப்பட்டன. இடம் பொருந்திய வழிமுறை பிழைவிகிதத்தை 82 விழுக்காடு குறைத்தது. ஒரு பிழையால் அடுத்தடுத்து விளையும் தொடர்பிழைகளே பெரிதும் குறைந்தன. மனச்சுமையும் குறைந்ததாக அளவீடுகள் காட்டின. பாகத்தின் இடத்தை மனத்துக்குள் கணக்கிடும் வேலையின் ஒரு பகுதியை அமைப்பே ஏற்றுக்கொண்டது இதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் விளக்கினர்.

ஸ்டீவன் ஹெண்டர்சனும் ஃபைனரும் ஆய்வகத்தை விட்டு வெளியே சென்றனர். அமெரிக்கக் கடற்படைவீரர் பிரிவின் கவச ஊர்தியின் சுழல்கோபுரத்துக்குள் உட்கார்ந்து பழுதுநீக்கும் பணியாளர்களைக் கொண்டு அவர்கள் நடத்திய சோதனை 2009-இல் வெளியானது. திரையில் வழிமுறையைப் பார்த்தவர்களைவிட, மிகை மெய்ம்மையைப் பயன்படுத்தியபோது பணியாளர்கள் வேலை செய்ய வேண்டிய இடத்தை விரைவாகக் கண்டுபிடித்தனர்.

2011-இல் அதே இருவரும் இன்னொரு கேள்வியை எழுப்பினர். ஒரு படியில் தகவல் அறியும் பகுதி ஒன்று, கை செய்யும் பகுதி இன்னொன்று. இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் கருவி, பாகத்தைத் திருப்பிச் சரிவர ஒட்டவைக்கும் கைவேலைக்கும் உதவுமா? ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் விமானப் பொறியின் எரியறைப் பாகங்களைப் பொருத்தும் வேலையில் இது சோதிக்கப்பட்டது. பாகம் எந்தப் பக்கம், எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை அசைவுக்கு ஏற்ப மாறும் அம்புகள் காட்டின. திரையில் பார்த்துச் செய்ததைவிட வேகமும் துல்லியமும் கூடின.

எந்தக் கருவி நல்லது என்னும் ஒப்பீட்டில் முடிவு வேறாக அமைந்தது. மார்கஸ் ஃபுங்க் முதலியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் படவீழ்த்தி, தலைத்திரை, கைக்கணினி, தாள் ஆகியவை ஒப்பிடப்பட்டன. பாகங்களைப் பொருத்துவதில் படவீழ்த்தி விரைவாக இருந்தது. வைக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதில் தலைத்திரை மெதுவாக இருந்தது. தலைத்திரையைவிடப் படவீழ்த்தியில் பிழையும் மனச்சுமையும் குறைவு. புதுமையான கருவியே சிறந்த கருவி என்று கொள்ள முடியாது என்பதை இது காட்டியது.

இவ்வாய்வுகள் பலவற்றில் பொம்மைக் கட்டைகள் பயன்பட்டதையும் கவனிக்க வேண்டும். கட்டையை இடம் பார்த்து வைத்தால் போதும். ஆலையிலோ போல்ட்டை எவ்வளவு விசையுடன் முறுக்குவது, ரப்பர் வளையம் மடங்காமல் உட்கார்ந்ததா, இணைப்பான் சொடுக்கென்று பூட்டிக்கொண்டதா என்பன முக்கியம். இவை கண்ணால் அறிபவை அல்ல. கையாலும் காதாலும் அறிபவை. மிகை மெய்ம்மை முதன்மையாகக் கண்ணுக்கு உதவும் கருவி என்பதால், இவ்விடத்தில் பிற உணரிகளின் துணை அதற்குத் தேவைப்படுகிறது.

ஆலைகளில் பயன்பாடு

ஏர்பஸ் நிறுவனம் ஏ380 விமானத்தில் இதனைச் சரிபார்ப்புக்குப் பயன்படுத்தியது. அவ்விமானத்தின் உடற்பகுதிக்குள் கம்பிகளையும் குழாய்களையும் தாங்கும் 60,000 முதல் 80,000 வரையிலான தாங்கிகள் உள்ளன. ஒவ்வொன்றும் உரிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைக்கணினியில் உண்மைக் காட்சியின் மேல் வடிவமைப்பு மாதிரியைப் படியவைத்துப் பார்க்கும் முறையால், மூன்று வாரம் எடுத்த இவ்வேலை மூன்று நாளில் முடிந்ததாக ஏர்பஸ் தெரிவித்தது.

காடெல் தொடங்கிய கம்பிக்கற்றை வேலைக்கே போயிங் பின்னாளில் கூகுள் கிளாஸுடன் திரும்பி வந்தது. கம்பி எண்ணையும் செருக வேண்டிய இடத்தையும் கண்ணருகே காட்டும் இம்முறையால் வேலை நேரம் சுமார் 25 விழுக்காடு குறைந்ததாக நிறுவனம் கூறியது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டிராக்டர் செய்யும் ஆக்கோ நிறுவனமும் இதே கண்ணாடியைப் பயன்படுத்தி, உற்பத்தி நேரத்தை 25 விழுக்காடும் சரிபார்ப்பு நேரத்தை 30 விழுக்காடும் குறைத்ததாக 2017-இல் அறிவிக்கப்பட்டது.

ஜிஇ ஏவியேஷன் நிறுவனத்தின் சோதனை இன்னொரு வகையில் கருதத்தக்கது. அங்கே கண்ணாடி தனியாக இயங்கவில்லை. முறுக்குவிசையை அளக்கும் ஸ்பானர் ஒன்று கம்பியில்லா இணைப்பால் அதனுடன் பிணைக்கப்பட்டது. நட்டு உரிய அளவுக்கு இறுகியதும் ஸ்பானர் செய்தி அனுப்பும். அதன் பிறகே கண்ணாடி அடுத்த படியைக் காட்டும். திறன் 8 முதல் 12 விழுக்காடு உயர்ந்ததாகச் சொல்லப்பட்டது. கண்ணால் அறிய முடியாத இறுக்கத்தை வேறொரு கருவி அறிந்து சொன்னதே இதன் சிறப்பு.

நிறுவனங்கள் தரும் எண்களை ஆய்வக எண்களோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. புதிய கருவி வரும்போது வழிமுறைகளும் திருத்தி எழுதப்படும், பாகங்களின் வரிசையும் சீராக்கப்படும், வேலையின் மேல் மேலாளர்களின் கவனமும் கூடும். விளைந்த நன்மையில் கண்ணாடியின் பங்கு எவ்வளவு, இவற்றின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

புதியவரும் கைதேர்ந்தவரும்

பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் ஆகிய உளவியலாளர்கள் 1967-இல் ஒரு திறனைக் கற்கும் வழியை மூன்று நிலைகளாகப் பிரித்தனர். முதல் நிலையில் ஒவ்வொரு படியையும் எண்ணி எண்ணிச் செய்ய வேண்டும். இரண்டாம் நிலையில் படிகள் ஒன்றோடொன்று இணைகின்றன. மூன்றாம் நிலையில் கை தானாக இயங்குகிறது; அதைப்பற்றி நினைக்கவே தேவையில்லை.

மிகை மெய்ம்மையின் பயன் இந்நிலைகளைப் பொறுத்து மாறுகிறது. ஃபுங்க் முதலியோர் ஆலையின் உண்மையான பணியிடத்தில் 11 முழு வேலைநாட்கள் நடத்திய நீண்ட சோதனையின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று நாட்கள் படவீழ்த்தியின் வழிகாட்டலில் வேலை செய்தனர். பயிற்சி பெறாதவர்கள் அதன் துணையால் வேலையைக் கற்றுக்கொண்டனர். ஆனால் கைதேர்ந்த தொழிலாளர்களின் செயல்திறன் குறைந்தது.

கைதேர்ந்தவர் அடுத்த பாகத்தை ஒரு கையால் எடுக்கும்போதே மறுகையால் முந்தைய பாகத்தை அழுத்திக்கொண்டிருப்பார். இரண்டு படிகளை ஒன்றாக்குவார்; வரிசையைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வார். படிப்படியாகக் காட்டும் கருவியோ ஒவ்வொரு படியும் முடியும்வரை காத்திருக்கும். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லும் ஒளி, பழகிய கையின் ஓட்டத்தை அறுத்துவிடுகிறது.

ஆகவே இத்தொழில்நுட்பம் எல்லோருக்கும் எப்போதும் ஒரே அளவில் பயன்படுவதன்று. வேலை புதிதாக இருக்கும் முதல் நாட்களிலும், அரிதாக வரும் மாதிரியைச் செய்யும்போதும், ஒரே தடத்தில் பல வகைகள் மாறிமாறி வரும்போதும் அது பெரிதும் உதவும். அறிவுத்திறன் குறைபாடு உள்ள தொழிலாளர்களுக்கான பணிமனைகளிலும் படவீழ்த்தி முறை சோதிக்கப்பட்டு, படத்தாளைவிட விரைவாகவும் குறைந்த பிழையுடனும் வேலை நடந்தது அறியப்பட்டுள்ளது. பிறர் துணையின்றிச் சிக்கலான பொருளையும் செய்து முடிக்க முடிவது அவர்களுக்கு வெறும் உற்பத்திக் கணக்கைவிடப் பெரிய நன்மை.

தடைகள்

எடை முதல் தடை. ஹோலோலென்ஸ் 2 கருவியின் எடை 566 கிராம். சில நிமிடச் செயல்விளக்கத்தில் இது தெரியாது. எட்டு மணி நேர வேலைமுறையில் கழுத்து உணரும். மின்கலமும் அவ்வளவு நேரம் தாங்குவதில்லை.

கண்ணின் இயல்பு அடுத்த தடை. ஒளி ஊடுருவும் இத்தகைய தலைத்திரையில் உருவங்கள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தொலைவுக்குக் குவிக்கப்பட்டுள்ளன. ஆனால் பொருத்துவேலை கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது. இரு விழிகளும் அருகிலுள்ள பொருளை நோக்கித் திரும்ப, விழிவில்லை மட்டும் தொலைவுக்குக் குவிய வேண்டியிருப்பதால் கண் களைக்கிறது. உருவம் தோன்றும் பார்வைப் பரப்பும் குறுகியது. அதற்கு வெளியே உள்ள அம்பு தெரியாது.

கவனம் ஓரிடத்தில் ஒடுங்குவதும் ஆபத்தானது. ஒளிரும் அம்பையே பார்ப்பவர், அருகில் நகரும் பாரந்தூக்கியையோ பாகத்தில் உள்ள கீறலையோ காணாமல் விடக்கூடும். அம்பு சில மில்லிமீட்டர் தவறி அடுத்த துளையைக் காட்டினால், தாளைவிட அது அதிகக் கேடு செய்யும். ஏனெனில் பொருளின் மேலேயே தெரிவதைத் தொழிலாளி ஐயுறுவதில்லை.

வழிமுறைகளை உருவாக்கும் செலவு வெளியே தெரியாத தடை. வடிவமைப்பு மாறும்போதெல்லாம் அவற்றைத் திருத்த வேண்டும். நேற்றைய வழிமுறையைக் காட்டும் கருவி, கருவி இல்லாததைவிட மோசமானது.

கருவிச் சந்தையும் நிலையற்றது. கூகுள் தன் தொழில்துறைக் கண்ணாடியின் விற்பனையை 2023-இல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் 2 உற்பத்தியை 2024-இல் நிறுத்தியது. ஒரே கருவியை நம்பித் தன் வழிமுறைகள் அனைத்தையும் அமைத்த ஆலை இத்தகைய முடிவுகளால் சிக்கலுக்கு உள்ளாகும்.

மேலும், எல்லாப் பிழைக்கும் மிகை மெய்ம்மை விடையன்று. ஜப்பானிய உற்பத்தி வல்லுநர் ஷிகியோ ஷிங்கோ 1960-களில் வகுத்த போக்கா யோக்கே என்னும் பிழைத்தடுப்பு முறை, தவறாகச் செய்யவே முடியாதபடி வேலையை அமைக்கச் சொல்கிறது. தலைகீழாகச் செருக முடியாத இணைப்பானை வடிவமைத்துவிட்டால், எப்படிச் செருகுவது என்று காட்டும் அம்பு தேவைப்படாது.

கண்காணிப்பும் திறன் இழப்பும்

படி முடிந்ததைத் தானே அறியும் அமைப்பு, அந்தப் படிக்கு ஒருவர் எத்தனை நொடி எடுத்தார் என்பதையும் அறியும். கை எங்கே சென்றது, எத்தனை முறை தவறியது, எவ்வளவு நேரம் ஓய்ந்தது என்பவையும் பதிவாகும். உதவுவதற்காக வைத்த கண், வேவு பார்க்கும் கண்ணாக மாற ஒரு மென்பொருள் மாற்றமே போதும். இப்பதிவைக் கொண்டு தடத்தில் உள்ள இடர்ப்பாட்டைக் கண்டுபிடிக்கலாம். தனி ஒருவரின் வேகத்தை அளந்து அவருக்கு நெருக்கடி தரவும் செய்யலாம்.

ஜெர்மனியில் தொழிலாளர்களின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கும் தொழில்நுட்பக் கருவிகளைக் கொண்டுவருவதில் தொழிலாளர் மன்றத்துக்கு இணைமுடிவு உரிமை உண்டு. தொழிலக அமைப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு இதனை உறுதிசெய்கிறது. ஆகவே அங்கே மிகை மெய்ம்மையை நிறுவ விரும்பும் ஆலை, எந்தத் தரவு சேமிக்கப்படும், யார் பார்ப்பார், எப்போது அழிக்கப்படும் என்பவற்றை மன்றத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

திறன் பற்றிய கவலையும் உண்டு. ஹாரி பிரேவர்மன் 1974-இல் வெளியிட்ட உழைப்பு குறித்த நூலில், வேலை பற்றிய அறிவு தொழிலாளியிடமிருந்து பிரிக்கப்பட்டு நிர்வாகத்திடம் சேர்கிறது என்றும், அதனால் தொழிலாளி எளிதில் மாற்றத்தக்கவராகிறார் என்றும் வாதிட்டார். எந்தப் பாகம், எந்த இடம், எந்த வரிசை என்பதெல்லாம் கருவியிடம் இருந்தால், தொழிலாளியிடம் எஞ்சுவது கையசைவு மட்டும்தானா என்னும் கேள்வி மிகை மெய்ம்மைக்கும் பொருந்துகிறது. கருவி நின்றுபோன நாளில் வேலையும் நின்றுபோனால், அங்கே கற்றல் நிகழவில்லை என்று பொருள்.

நல்ல அமைப்பின் இயல்புகள்

மேற்கண்ட ஆய்வுகளிலிருந்தும் அனுபவங்களிலிருந்தும் சில வழிமுறைகளைத் தொகுக்கலாம். வேலைக்குப் பொருந்தும் எளிய கருவியையே தேர்ந்தெடுக்க வேண்டும். மேசை வேலைக்குப் படவீழ்த்தி போதுமெனில் தலையில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் தேவையானதை மட்டும் காட்ட வேண்டும். பழகப் பழக வழிமுறை குறைந்து, பிழை நேரும்போதோ மாதிரி மாறும்போதோ மட்டும் மீண்டும் தோன்ற வேண்டும். அதனை நிறுத்தும் உரிமை தொழிலாளியிடம் இருக்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் தாம் கண்ட எளிய வழிகளை வழிமுறையில் சேர்க்க இடமிருந்தால், அறிவு மேலிருந்து கீழே மட்டும் இறங்காமல், பணியிடத்திலிருந்து மேலேயும் செல்லும்.

1992-இல் வெறும் பலகையின் மேல் ஒரு வண்ணக் கோட்டை வரைய நினைத்த முயற்சி, இன்று பல வடிவங்களில் பயன்பாட்டில் உள்ளது. கருவிகள் வந்து மறைந்தாலும், தாளுக்கும் பொருளுக்கும் இடையே கண் தாவும் சிக்கல் அப்படியே இருப்பதால் இத்தேடலும் தொடர்கிறது. அந்தக் கோட்டைச் சரியான இடத்தில் விழச்செய்வது பொறியியலின் வேலை. அது யாருக்கு, எவ்வளவு காலம் தேவை என்பதை முடிவு செய்ய, அதைப் பார்த்து வேலை செய்பவரையும் கேட்க வேண்டும்.